மாமனார் ரிவால்வரின் ஈயப் பற்று

ஆகஸ்ட் 12

நடவு முடிந்தது. இனி எங்கள் குடகின் ஆயுத பூஜையான கைல்போல்து வரும். வீட்டு ஆயுதங்களைத் துடைத்து எடுக்க வேண்டும். இன்று மாமனாரின் ரிவால்வரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். குழல் உடம்போடு சேரும் இடத்தில் அதே ஈயப் பற்று, கட்டைவிரல் அகலத்துக்கு, காறித் துப்பியது போல. வெள்ளைக்காரத் துரை பரிசாகக் கொடுத்த பெயர்த் தகடு அங்கே இருந்ததாம். தகடு விழுந்து ஈயம் மிஞ்சியதாம். கல்யாணமாகி வந்த நாள் முதல் மாமனார் வாயால் கேட்ட கதை.

என் கணவரின் தம்பி பூவய்யா எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணி, பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா?"

சுருக்கென்றது. "நம்ம ஒக்கா வம்சத்துச் சனம் மொத்தமும் பாக்க, இந்த வருஷம் மரத்துல கட்டுற முதல் தேங்காய என் பேத்தி இதாலதான் சுடுவா. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

சொல்லியாகிவிட்டது. அவனும் போய்ச் சொல்லிவிடுவான்.

ஆகஸ்ட் 14

இந்த அழுக்கு ஈயத்தோடு விளக்கின் முன் வைப்பதா? எடுத்துவிட்டு அதே இடத்தில் வெள்ளித் தகடு பதிக்கப் போகிறேன். தட்டானிடம் சொல்லியாயிற்று. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். ஈயம் மேலாகச் சீவியதே தவிரப் பெயரவில்லை, இரும்பில்தான் கீறல் விழுந்தது.

ஆகஸ்ட் 17

விராஜ்பேட்டை போனேன். துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஆலிக்குட்டி சொன்னது: "பிடிக்கட்டை, ஸ்பிரிங் எல்லாத்தையும் மொதல்ல கழட்டிடுங்கம்மா. சூடு மெள்ளக் காட்டணும். ஈயம் தண்ணியாகுற நேரம் பருத்தித் துணியால ஒரே இழுப்பு. மிச்சத்த செப்புத் துண்டால சுரண்டுங்க, செம்பு இரும்பக் கீறாது. சிவக்க மட்டும் விட்றாதீங்க. எதுக்கு வம்பு, இங்கயே குடுத்துட்டுப் போங்களேன்."

"எங்க வீட்டு ஆயுதம் கடைப்படி ஏறாது" என்றேன்.

"அப்ப கை சுட்டா மருந்து மட்டும் நான் தரேன்" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 19

செய்துவிட்டேன்! கரி அடுப்பு, தணல் மட்டும். ஈயம் பளபளத்து நடுங்கிய நொடியில் துணியால் இழுத்தேன், பால் ஏடு போல வந்தது. இரண்டு விரல் சுட்டது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 20

சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. செம்பால் தேய்த்துத் தோள் கழன்றுவிட்டது.

கச்சம்புளி இருக்க எனக்கென்ன கவலை? பன்றிக்கறியையே கருக்க வைக்கிற புளி, பித்தளைக் கறையெல்லாம் அதற்கு எம்மாத்திரம். மண்சட்டியில் ஊற்றிக் குழலை முக்கி வைத்தேன். ஆலிக்குட்டியைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் இன்னொரு முறை சிரிப்பான்.

ஆகஸ்ட் 21

ஐயோ.

குழலின் நீலக்கருப்பு முழுக்கப் போய்விட்டது. வெந்த மீன் தோல் உரிந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பேத்தி தீச்சம்மா வந்து பார்த்தாள். "தாயி, ரிவால்வர ஊறப் போட்டீங்களா? மசாலா எப்ப தடவுறது?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இது என்ன?"

ஈயம் இருந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. தலைமுடி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகம் தடுக்கியது. விரிசல். அதன் உள்ளேயும் ஈயம் இறங்கியிருக்கிறது. தகடு ஒட்டிய ஈயம் அவ்வளவு ஆழம் ஏன் போகிறது?

தகடும் இல்லை, துரையும் இல்லை. விரிசலை மறைக்க மாமனார் வைத்த பற்று. "இது மரியாதைக்கு வச்ச ஆயுதம், யாரும் சுடக் கூடாது" என்று கடைசிவரை அதட்டினாரே, இதற்குத்தானா?

சுட்டால் குழல் வெடிக்கும். இதில் தோட்டா போட்டு அவள் கையில் கொடுக்க இருந்தேன். என் வாயால் சொல்லி, என் கையால்.

ஈயம் ஊறிய புளி விஷம். சட்டியோடு புதைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

மறுபடி ஈயம் வைத்து, மேலே தகடு பதித்தால் யாருக்குத் தெரியும்? தீச்சாவுக்குக் காய்ச்சல், சுட முடியாது என்று ஒரு பொய். மாமனார் பேரும் நிற்கும், என் பேரும் நிற்கும்.

நிற்குமா? எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறப்பவளுக்குக் கை இருக்குமா?

முடியாது. ஈயம் வைக்கமாட்டேன்.

செப்டம்பர் 3

கைல்போல்து. தோக்குப்பூ என்கிற செங்காந்தள் சூட்டிய துப்பாக்கிகளின் நடுவே ரிவால்வரை வைத்தேன், வெளுத்த பக்கம் மேலாக. கும்பிட்டு முடித்ததும், தேங்காய் கட்டிய மரத்தடிக்குப் போகுமுன் பூவய்யா ஆரம்பித்தான்: "எங்கே அண்ணி, உங்க பீரங்கி?"

எல்லோர் முன்னும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "குழல்ல விரிசல் விட்டிருக்கு. உங்க அப்பா ஈயத்தால மூடி வச்சிருந்தாரு. நான் சொன்ன சொல்லு பொய்யாப் போச்சு. சுட முடியாது."

நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே நின்றான். கேலி வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். "சின்ன வயசுல ஒருதடவ இதத் தொட்டதுக்கு அப்பா என்னைப் பெல்டால அடிச்சாரு" என்றான் மெதுவாக. "எம்மேல வெறுப்புன்னே இத்தனை நாள் நெனச்சிட்டேன், அண்ணி."

பிறகு தன் துப்பாக்கியைத் தீச்சாவிடம் நீட்டினான். முதல் குண்டு இலையைத்தான் பறித்தது. அடுத்ததில் தேங்காய் சிதறியது. கடம்புட்டு அரிசி உருண்டை, பன்றிக்கறி. நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6

காலையிலேயே பூவய்யா வந்தான், பரணில் கிடந்த தன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சாக்குத்துணியில் சுற்றிக்கொண்டு. "இதுலயும் ஒரு ஈயப் பற்று இருக்கு அண்ணி. எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா இருக்கு. அடியில என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அடுப்பில் கரியைப் போட்டேன்.