நானூறு குதிரைச் சக்தி வேண்டாம் என்றாயே, அக்கா

என் வளர் அக்காவுக்கு,

உனக்கு நான் இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. காரில் பத்து நிமிஷம் போனால் உன் வீடு. யார் உட்கார்ந்து கடிதம் எழுதுவார்கள்? இப்போது தமிழ்ச் சங்க மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "ஆளுக்கொண்ணு சமைச்சு எடுத்துட்டு வர்ற பாட்லக்குக்கு அவ கொண்டு வருவாளே, அந்தத் தக்காளி பிரியாணி பத்தி ரெண்டு வரி சேர்த்துக்கோப்பா" என்றார் ஓர் ஆன்ட்டி. சேர்த்துவிட்டேன், அக்கா. அந்த இரண்டு வரி இதுதான். மீதியெல்லாம் அவர்களுக்குத் தெரியாத உன்னைப் பற்றி.

உனக்குச் சொல்ல இரண்டு செய்தி இருக்கிறது. என் வேலை போய்விட்டது. உன் வண்டிக்கு நம்பர் பிளேட் வந்துவிட்டது.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நீ. தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி டெக்சஸ் வந்தாய். மாமாவுக்கு வேலை விசா. உனக்கு, அவரோடு வந்தவள் என்கிற விசா. அந்த விசாவில் சமைக்கலாம், கார் ஓட்டலாம், படிக்கக்கூடச் செய்யலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியாகிவிட்டது, இரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். இரண்டு வருஷம்தானே என்று நீயும் நினைத்தாய்.

வண்டி உண்மையில் மாமாவின் ஆசை. பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் கார் அது. இரும்புச் சட்டம், ஃபைபர் கிளாஸ் உடம்பு, தலையணை மாதிரி ஒரு மேனுவல். இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் ஏதாவது பழைய காரிலிருந்து கழற்றி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். முடிந்தால் அந்தக் காலத்துப் பந்தயக் கார் போல, கூரையில்லாமல், இரண்டு பேர் உட்காரும் வண்டி கிடைக்கும். மாமா இரண்டு பெட்டியைத் திறந்தார். மேனுவலில் பன்னிரண்டு பக்கம் படித்தார். அதற்குள் ஆபீஸில் புது ப்ராஜெக்ட் வந்துவிட்டது.

கராஜில் துணி துவைக்கப் போன நீ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றாவது பெட்டியைத் திறந்தாய். மாமா ஆறு மணிக்கு வந்து பார்த்தபோது முன்சக்கர சஸ்பென்ஷன் ஒரு பக்கம் முழுதாகப் பூட்டியிருந்ததாம். துணி வாஷிங் மெஷினிலேயே ஈரமாகக் கிடந்ததாம். மாமா இதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொண்ணூற்று ஐந்தில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ரிச்சர்ட்சனில் எனக்கு வேலை கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது உன் திட்டம் சின்னதாகத்தான் இருந்தது. ஒரு பழைய காரின் நாலு சிலிண்டர் இன்ஜின். எண்பத்தெட்டு குதிரைச் சக்தி.

"வண்டி ரொம்ப லேசு மோகன். எண்பத்தெட்டே தாராளம். ஆறு மாசத்துல முடிச்சிரலாம்" என்றாய்.

அடுத்த வருஷம் மாமாவின் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. பழைய விண்ணப்பம் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் வக்கீல். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது, பூட்டி ஒரு மாதம்கூட ஆகாத நாலு சிலிண்டர் இன்ஜின் கராஜ் தரையில் உட்கார்ந்திருந்தது.

"ஏன்க்கா, என்னாச்சு இதுக்கு?"

"ஒண்ணும் ஆகல. இது வேண்டாம்டா. எட்டு சிலிண்டர் போடலாம். இருநூத்தி இருபத்தஞ்சு வரும்."

"இன்ஜினைத் தாங்குற மவுன்ட்லேர்ந்து எல்லாத்தையும் மாத்தணுமே?"

"மாத்தலாம். எனக்கென்ன, ஆபீஸுக்கா லேட் ஆகுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

பழைய கார்களைப் பிரித்து விற்கிற ஜங்க்யார்டுக்கு மூன்று பேரும் போனோம். பின்பக்கம் நசுங்கிய ஒரு காரில் நல்ல எட்டு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அங்கே விற்கிற ஆள் கேள்வியெல்லாம் மாமாவைப் பார்த்தே கேட்டான், பதிலெல்லாம் நீ சொன்னாய். கடைசிவரை அவன் உன் பக்கம் திரும்பவில்லை. மாமாதான் பாவம், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று ஏழில் வக்கீலிடமிருந்து இன்னொரு கடிதம். இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம். அந்த மாதமே உன் கணக்கு முந்நூறு ஆயிற்று. புது சிலிண்டர் ஹெட், புது கேம்ஷாஃப்ட். முந்நூறு என்றால் பழைய கியர்பாக்ஸ் தாங்காது. கியர்பாக்ஸ் மாறினால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் நீளம் மாறும். சூடு அதிகமாகும், ரேடியேட்டர் போதாது. பெரிய ரேடியேட்டர் வைத்தால் முன்னால் இடிக்கும். காகிதத்தில் ஓர் எண்ணை அடித்து எழுதினாய், அதற்குப் பின்னால் எட்டு மாத வேலை வரிசையாக வந்து நின்றது. நீ ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. சலித்துக்கொண்டவன் நான். என் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் போகிறதே என்று.

தொண்ணூற்று எட்டு கடைசியில் வண்டி கிட்டத்தட்ட முடிந்திருந்தது. வயரிங்கும் பெயின்ட்டும்தான் பாக்கி. அப்போது நீ நானூறு என்றாய். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் வைக்க வேண்டும், அதற்கு பானெட்டை வெட்ட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சண்டை உனக்கும் ஞாபகம் இருக்கும்.

"நீ இதை முடிக்கவே போறதில்ல. கிட்ட வரும்போதெல்லாம் நம்பரை ஏத்திடற."

"ஆமா."

"என்ன ஆமா? ரோட்டுல அறுபது மைலுக்கு மேல போனா போலீஸ் பிடிக்கறான். நானூறு எதுக்கு?"

நீ கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினாய். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாய். "வண்டி முடிஞ்சிருச்சுன்னா திங்கட்கிழமை காலைல நான் என்னடா பண்றது?"

நான் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூன்று வாரம் வரவில்லை. மாமா எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்கு வருவார். அந்தத் தெருவில் பகலில் நடமாட்டமே இருக்காது. அந்தத் திங்கட்கிழமைகளை நீ எப்படிக் கழித்தாய், அக்கா? நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே.

நானூறைத் தாங்கும்படி இன்ஜினைத் திரும்பப் பிரித்துப் பூட்டுவதிலேயே தொண்ணூற்று ஒன்பது போனது. வேலை செய்யலாம் என்கிற அனுமதி அட்டை இரண்டாயிரத்தில் வந்தது. போட்டோவில் உன் கண் பாதி மூடியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நாற்பது இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பினாய். எல்லோரும் ஒரே கேள்விதான்: ஏழு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? "வீட்டில் இருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி உன் குரலே இறங்கிவிட்டது.

பக்கத்து ஊரான மெக்கின்னியில் கம்ப்ரஸர் செய்கிற ஒரு சின்ன இடம். அங்கே இருந்த நரைமீசைக்காரரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை நீ வண்டியைப் பற்றிச் சொன்னாயாம். எந்த இன்ஜின், எந்த கேம்ஷாஃப்ட் என்று அவர் கேட்டார். நீ சொன்னாய். அதை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்றார். அதற்கும் சொன்னாய். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

அந்த வாரம் நான் வந்தபோது நீ கராஜில் இல்லை. ஹாலில் புது இரும்புமூக்கு ஷூவைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மோகன், அந்த சார்ஜர் ஆர்டர் பண்ணாத. நானூறு வேண்டாம்."

"அப்புறம் எவ்வளவு?"

"இப்ப உள்ள இருக்கறதே போதும்டா. வயரிங் முடிச்சு ஓட்டிப் பாக்கலாம்."

அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஐந்து வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த எண்ணை ஒரே வாக்கியத்தில் விட்டுவிட்டாய். அப்புறம் உனக்கு நேரமே கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்து, அந்த ஷூவோடு சோபாவில் தூங்கிப்போவாய். வயரிங் பாதியில் நின்றது. உனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான்கு மாதம் வேலைக்குப் போனாய், அக்கா. நான்கே மாதம். பிப்ரவரியில் ஒருநாள் மதியம் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாயாம். நுரையீரலில் ரத்தக்கட்டி. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இறுதிச் சடங்குக்கு அந்த நரைமீசைக்காரர் வந்தார். நீ வரைந்து கொடுத்த ஒரு வால்வு இப்போது மேற்கு டெக்சஸில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கையில் வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வேண்டாம் என்ற சூப்பர்சார்ஜரை நான் வாங்கினேன். உன் ஞாபகமாக நானூறைத் தொடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பானெட்டையும் வெட்டினேன். உண்மை அதுவல்ல. எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்தக் கம்பெனியின் பேரில் இருந்தது, விசாவும் அதன் பேரில்தான். நானாக விலகவும் முடியாது, இருப்பேனா என்றும் தெரியாது. கராஜில் மட்டும்தான் என் கையில் ஏதோ ஓர் எண் ஏறியது.

நீ போன பிறகு மாமா கராஜுக்குள் வந்ததே இல்லை. ஒருநாள் வந்தார். வெட்டிய பானெட்டைத் தடவிப் பார்த்தார்.

"மாப்ள, இது என்ன ஓட்டை?"

"சார்ஜருக்கு மாமா. நானூறு வரும்."

"அவ வேண்டாம்னுட்டாளே. என்கிட்டயும் சொன்னா."

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "ஆசைப்பட்டு வாங்குனது நான். அவளை உள்ள வெச்சுப் பூட்டினதும் நான்தான்னு தோணுது மாப்ள. நான் வேற வேலைக்குப் போயிருக்கலாம், ஊருக்கே திரும்பியிருக்கலாம். கார்டு வரட்டும், கார்டு வரட்டும்னே இருந்துட்டேன்." எழுந்து போகும்போது சொன்னார், "அதைக் கழட்டிரு."

கழற்றிவிட்டேன். பானெட்டின் ஓட்டையை ஃபைபர் கிளாஸ் வைத்து அடைத்தேன். பெயின்ட் அடித்தும் அந்த ஒட்டு தெரிகிறது. உனக்குப் பிடிக்காது, மன்னித்துக்கொள்.

போன மாதம் என் வெள்ளிக்கிழமையும் வந்தது. ஓர் அட்டைப்பெட்டியில் என் சாமானைப் போட்டுக் கொடுத்து, வாசல் வரை ஒருவர் கூடவே வந்தார். வேறு கம்பெனி கிடைக்காது, இப்போது யாரும் எடுப்பதில்லை. விசா இல்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கவும் முடியாது. அடுத்த வியாழக்கிழமை எனக்கு டிக்கெட். ஆறு வருஷத்துச் சாமான் இரண்டு சூட்கேஸில் அடங்கிவிட்டது.

அந்த வேலையில்லாத நாட்களில்தான் வயரிங்கை முடித்தேன். நீ ஒவ்வொரு வயரிலும் ஒட்டிவைத்திருந்த சின்னச் சீட்டுகளைப் படித்துப் படித்துப் பூட்டினேன். முதல் முறை சாவியைத் திருப்பியபோது ஒன்றும் நடக்கவில்லை. எர்த் வயரை மறந்திருந்தேன். இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. சத்தத்தில் வாஷிங் மெஷின் மேலிருந்த சோப்புத்தூள் டப்பா கீழே விழுந்தது. மாமா காதைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவருக்கு கியர் போட்டு ஓட்டத் தெரியாது, உனக்குத் தெரியுமே. மூன்று நாள் காலையில், காலியாக இருந்த ஸ்கூல் பார்க்கிங்கில் வைத்து கிளட்ச் சொல்லிக்கொடுத்தேன். முந்நூறு குதிரைச் சக்தி வண்டி, முதல் நாள் இருபத்திரண்டு தடவை நின்றது. நேற்று ஊருக்கு வெளியே, சோளக்காட்டு ரோட்டில் அவரே ஓட்டினார். மணிக்கு நாற்பது மைல். அதற்கு மேல் போகவில்லை. "இவ்வளவு காத்து அடிக்குமா இதுல?" என்று மட்டும் கேட்டார். வண்டி அவரிடம் இருக்கும். விற்க மாட்டார்.

இன்னொன்று. ஊருக்கு வருகிறேன் என்று சொல்ல அப்பாவுக்குப் போன் பண்ணினேன். லேத் பட்டறையை மூடிவிட்டு வீட்டில்தான் இருக்கிறார். கொஞ்ச நேரம் ஏதேதோ பேசிவிட்டுக் கேட்டார். "அத்தனை வருசம் அங்க போயி அவ என்னதான் பண்ணிட்டிருந்தா மோகன்? எப்பக் கேட்டாலும் சும்மாதான் இருக்கேன்னுட்டா. இன்ஜினியரிங் சேத்துவிட எத்தனை பேருகிட்ட சண்டை போட்டேன். அதுக்கு மேல அவகிட்டக் கேக்க எனக்குத் தைரியம் வரல."

வண்டி விஷயத்தை அவரிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். தெரிந்தால், உன்னை இங்கே கட்டிக்கொடுத்ததையே நினைத்து நொந்துபோவார் என்றாய். ஆறு வருஷம் நானும் வாயைத் திறக்கவில்லை.

இனி அது முடியாது, அக்கா. உன் வயரிங் படங்களையும் போட்டோக்களையும் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன், சூட்கேஸில் போடவில்லை. போய் இறங்கிய அன்றே அப்பா முன்னால் உட்கார்ந்து, எண்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஏன் ஏறியது என்பதையும் மறைக்க மாட்டேன். லேத் ஓட்டியவர், இன்ஜினில் பேரிங் இடைவெளி எவ்வளவு வைத்தாள் என்று கண்டிப்பாகக் கேட்பார். சரியாகச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
மோகன்