முதல் பேஸில் அண்ணி

என் ஆசை அண்ணனுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம். செத்துப்போனவனிடம் கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறார். நீ செய்துவைத்த வேலை அம்மாவுக்குத் தெரியாது.

நாளை மறுநாள் மறுபடியும் ஜப்பானுக்குப் போகிறேன். சின்ன ஊர் அணிதான், ஆனாலும் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடுகிற அணி. டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு போன பருவத்தில் நான் கையெழுத்துப் போட்ட அதே அணி. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், கண்டியில் நீ முதல் பேஸில் நிற்க, உன்னோடு ஆடியபோது நான் நின்ற அதே இடத்தில்தான் அங்கேயும் நிற்கிறேன். இந்த முறை பயிற்சி முகாமில் என் எறிதலைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். சரியில்லை என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு வேறு என்ன தொழில் தெரியும், சொல்?

பந்தைப் பிடிப்பதில் குறையில்லை. ஓடுகிறவன் முதல் பேஸின் சதுரத் திண்டைத் தொடுவதற்குள் அங்கே நிற்கிற நம் ஆளுக்கு அதை எறிய வேண்டுமே, அங்கேதான் வினை. பந்து அவன் காலடியில் குத்தி எகிறிப் போய்விடுகிறது. போன பருவத்தின் கடைசி ஆட்டம் அப்படித்தான் கைவிட்டுப் போனது. அண்ணனை இழந்த துக்கத்தில் கை தடுமாறுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். உன்னை நினைத்து அழுதுவிட்டு எறிந்து பார்த்தேன், அழாமலும் எறிந்து பார்த்தேன்.

இன்று காலை அலவத்துகொடையிலிருந்து ரிஸ்வான் அம்பிட்டிய மைதானத்துக்கு வந்தான். நம் அணியின் கெச்சர், பந்து தவறினால் பொறுக்க உன் பின்னால் ஓடி வந்து நிற்பானே, அவன்தான். அண்ணியும் அலுமாரியிலிருந்த உன் கையுறையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ரிஸ்வான் முதல் பேஸில் நின்று நான் எறிந்ததைக் கொஞ்ச நேரம் வாங்கினான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மச்சான், நீ எப்பவும் கீழதான் எறியிற. ஒங்கட அண்ணன்தான் குனிஞ்சு அள்ளுவாரு. ஒன்கிட்ட சொல்ல வாணாண்டு என்னத் தடுத்து வெச்சிருந்தாரு."

உன் கையுறையை வாங்கிப் புரட்டினேன். உள்ளங்கைப் பக்கம் இன்னும் புதுசாக இருக்கிறது. விரல் நுனிகள்தான் மண்ணில் உரசி உரசித் தேய்ந்து நூல் விட்டிருக்கின்றன. கிரிக்கெட்டில் ஸ்டம்பின் அடியைக் குறிவைத்து வளர்ந்த கை என்னுடையது. பேஸ்போலுக்கு வந்த பிறகும் நான் ஆளைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த பேஸைப் பார்த்தே எறிந்திருக்கிறேன். ஒரு நாளாவது நீ வாயைத் திறந்திருக்கக் கூடாதா? என் மனசு விட்டுப்போகும் என்று பயந்தாயா? இல்லை, எப்போதும் நீயே அங்கே நிற்பாய் என்று நினைத்துவிட்டாயா?

அண்ணி கையுறையை என்னிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு முதல் பேஸில் போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் மட்டையும் பந்துமாக எல்லே ஆடியவர், பந்துக்குப் பயந்தவர் இல்லை. என்றாலும் மெதுவாக எறிகிறேன் என்றேன்.

"வேகமாவே எறிங்க தம்பி. ஆனா நான் குனிய மாட்டேன்."

எறிந்தேன். தரையில் குத்திய பந்து அவருடைய கணுக்காலுக்கு மேலே எலும்பில் போய்ப் பட்டது. பதறி ஓடினேன். அவர் கையைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார். அடுத்ததை எறிய எனக்குக் கை வரவில்லை அண்ணே. அவர் கையுறையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதை மட்டும் பார்த்து எறிந்தேன். பட்டென்று உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு தலைக்கு மேலே போயின. கீழே ஒன்றும் போகவில்லை.

முகாமில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணி காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நொண்டி நொண்டி நடக்கிறார். வீக்கம் இன்னும் வற்றவில்லை. உனக்கு ஒரே ஒரு வாக்குத்தான் தர முடியும். இனி உன் இடத்தில் யார் நின்றாலும், எனக்காக அவர்கள் குனிய வேண்டியிருக்காது.

நீ குனிந்து குனிந்தே கெடுத்த தம்பி,
கோபி