திருநாள் முடிந்தால் எங்கே போவார்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாதா கோயில் திருநாள் முடிந்து இன்று காலை புறப்பட்டோம். பாய், சட்டி பானை எல்லாம் லொறியில் ஏற்றியாயிற்று. பக்கத்து ஓலைக் கொட்டிலில் தங்கியிருந்த ஸ்டெல்லா அக்கா மட்டும் மூட்டை கட்டவில்லை.

இந்தக் கரையில் எந்தக் கோயில் திருநாளுக்குப் போனாலும் அவரைக் காணலாம். கொடியேற்றத்துக்கு முன்பே வந்துவிடுவார். என்ன பக்தி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

“ஏறுங்க அக்கா, உங்கட வீட்டு வாசல்லயே இறக்கி விடுறம்.”

“எந்த வீட்டு வாசல்ல, பிள்ள?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார். எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது. புருஷன் விறகுக்கட்டையால் அடித்தது. தம்பி வீட்டில் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, புருஷனிடமே திரும்பிப் போகச் சொன்னார்களாம். அன்று வெளியே வந்தவர், இரண்டு வருடமாகத் திருநாள் திருநாளாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

“திருநாள்ல பாய விரிச்சுப் படுத்தா, ஏன் இங்க படுக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். நான் ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன்? கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம்.

அடுத்த திருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கொட்டில்களை இன்றே பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நித்திரை வரவில்லை. முந்தாநாள் நான்தான் அவரிடம் கெஞ்சினேன், உங்கள் மன்றாட்டை மாதா கேட்பா, எங்கள் புது வீடு கட்டி முடிய வேண்டிக்கொள்ளுங்கள் என்று. அவர் மணலில் முழங்காலில் நின்று, எங்கள் வீட்டுக்காக ஒரு செபமாலை முழுவதும் சொன்னார்.