பகலில் தூங்கும் வீடு

மார்ச் 3, திங்கள்

அம்மா டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குக் கண் சொக்கியது. வார்டில் ஒருவர் விடியற்காலையில் போய்விட்டாராம். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாலைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

நான் வயலினில் ரப்பர் மியூட்டை மாட்டிக்கொண்டேன். அது இருந்தால் சத்தம் பக்கத்து அறைக்குப் போகாது. கொசு பாடுவது போல எனக்கு மட்டும் கேட்கும். அப்பா இறந்த பிறகு, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா நைட் நர்ஸ் ஆனாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் பகல் என்றால் இப்படித்தான். அண்ணன் தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடுவான்.

இசைக் கல்லூரித் தேர்வு அடுத்த வாரம். வயலினுக்கு எடுப்பதே நாலு பேர். வேறு எந்தப் படிப்புக்கும் நான் விண்ணப்பிக்கவில்லை. தைரியமா, திமிரா?

மார்ச் 6, வியாழன்

டீச்சர் வீட்டில் மறுபடியும் அதே புலம்பல். "சுருதி சுத்தம், விரல் சுத்தம். ஆனா ஏன் இவ்ளோ பயந்து பயந்து வாசிக்கிற? கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் கேட்க வேணாமா?"

வாரத்தில் அந்த ஒரு வகுப்பில்தான் மியூட் இல்லாமல் வாசிக்கிறேன். மற்ற நாளெல்லாம் கொசுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். தூக்கம் கெட்டுப்போய் அவள் வார்டில் யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால்?

மார்ச் 10, திங்கள்

சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது. "ஒரு நாள் லீவு விடு, உலகம் முழுகிடாது" என்கிறான் அண்ணன். அவனுக்கென்ன.

மார்ச் 13, வியாழன்

நாளைக்கு. வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதணுமா? எழுதித் தொலைக்கிறேன்.

காத்திருக்கச் சொன்ன இடத்தில் வரிசையாகச் சின்ன அறைகள், பலகைச் சுவர். பக்கத்து அறையில் ஒருவன் நான் வாசிக்கப்போவதையே வாசித்துக்கொண்டிருந்தான். வெளுத்து வாங்கினான். என் சத்தம் அவன் காதில் விழக் கூடாதென்று மியூட்டை மாட்டிக்கொண்டு கையைப் பழக்கினேன். பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள். போனேன், வணக்கம் சொன்னேன், வாசித்தேன். ஒரு தப்பு இல்லை. நிஜமாகவே ஒரு தப்பு இல்லை. முடித்தபோது மனசு துள்ளியது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: "மியூட் போட்டு வாசிக்கணும்னு நீங்களா முடிவு பண்ணீங்களா?"

தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு? வேற யாரா இருந்தாலும் முதல் இழுப்புலயே தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல — எனக்கு வயலின்னா அந்தச் சத்தம்தானே.

"எடுத்துட்டு அடுத்ததை வாசிங்க" என்றார், அன்பாகத்தான். எடுத்தேன். வில்லை வைத்ததும் அறையே அதிர்ந்தது. சட்டென்று கையைத் தளர்த்திவிட்டுக் கதவைப் பார்த்தேன். அங்கே யார் எழுந்து வரப்போகிறார்கள்? ஆனாலும் பார்த்தேன். அதன் பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. பாதியில் "போதும், நன்றி" என்றார்கள்.

திரும்பும் பேருந்தில், கூட வந்திருந்த அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம், "நல்லா போச்சும்மா."

ஏப்ரல் 9, புதன்

மின்னஞ்சல் வந்துவிட்டது. நான் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் அம்மா எனக்காகக் கல்லூரிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "அவங்களுக்குக் காது செவிடாப் போச்சா?" அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது, போட்டு உடைத்துவிட்டான்.

"அவங்களைச் சொல்லாதம்மா. நீ தூங்கறியேன்னு இவ இத்தனை வருஷமா மியூட்டை மாட்டித்தான் வாசிச்சா. அங்கயும் அதோடயே போய் நின்னுட்டா."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"மெதுவா வாசின்னு உன்கிட்ட நான் சொன்னேனா? ஒரு நாள் சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

"நீ தூங்கணுமேன்னுதான்..."

"எங்கடி தூங்கினேன்? சுவத்துப் பக்கம் காதை வச்சுட்டுப் படுத்திருப்பேன். ஏதோ கேக்கும், என்னன்னு பிடிபடாது. இப்ப எதை வாசிக்கிறா, முடிச்சிட்டாளா, நிறுத்திட்டாளான்னு யோசிச்சே பாதித் தூக்கம் போயிடும். நான் கேக்கிறது உனக்குப் பிடிக்கலபோலன்னு நினைச்சு வாயை மூடிட்டு இருந்தேன்."

அப்புறம் அழுதாள். நானும்தான். அண்ணன் சாப்பிட்டு முடிக்காத தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான்.

ஏப்ரல் 12, சனி

யார் மேல் கோபப்படுவது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நானோ அவளோ. எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அந்தப் பக்கத்து அறைக்காரனுக்கு இடம் கிடைத்திருக்கும். கிடைக்கட்டும், நன்றாகத்தான் வாசித்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

அடுத்த வருடம் மறுபடியும் போகலாம் என்கிறார் டீச்சர். இரண்டாவது தடவை போகிறவர்களை எப்படிப் பார்ப்பார்களோ, தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

அம்மா வந்தாள், குளித்தாள், படுத்தாள். கதவைச் சாத்தவில்லை.

நான் கூடத்தில் நின்று தொடங்கினேன். முதல் பக்கம் முழுக்க வில்லைப் பாதிக்கு மேல் இழுக்கவில்லை. இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தாள்.

"என்னைப் பாக்காத. வாசி."

இரண்டாம் பக்கத்தில் வில்லை முழுசாக இழுத்தேன். கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். மூன்றாம் பக்கம் வருவதற்குள் அறையிலிருந்து குறட்டை கேட்டது, நல்ல சத்தமான குறட்டை.

நான் நிறுத்தவில்லை.