ஜன்னலில் ஏழு டம்ளர்

11 ஜூன் 2024, செவ்வாய்

இன்று இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஒரு காதுகுத்துப் பத்திரிகை, அப்புறம் ஒரு பெரிய வேலை. மாமல்லபுரம் போகிற ரோட்டில் உள்ள பெண்கள் கல்லூரியிலிருந்து ராஜம் மேடம் வந்தார். அங்கே ஹாஸ்டலில் ‘அக்கா தங்கை மன்றம்’ என்று ஒன்று இருக்கிறதாம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மன்றம் ஓர் அக்காவைக் கொடுக்கும். ஆகஸ்டில் பொன்விழா. விழா மலர் போடுகிறார்கள். முழுக்கத் தமிழ் டைப்பிங்.

கடை முதலாளி ஞானதாஸ் அண்ணன் என்னைக் காட்டி, “அந்தப் பொண்ணு அடிச்சிடும் மேடம். வாய்தான் கெடையாது, கை கீது” என்றார்.

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பள்ளியில் யாராவது ஓர் அக்காவைக் கொடுத்திருந்தால்?

13 ஜூன்

மன்றத்தின் பழைய நோட்டை ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கூட்டம், 9 ஆகஸ்ட் 1974. மெஸ்ஸில் ஒரு பெண்ணின் டம்ளரை மட்டும் மற்றவற்றோடு அடுக்காமல், கழுவுகிற இடத்து ஜன்னலில் தனியாக வைத்திருக்கிறார்கள். அவள் பெயர் ஏ. ரெபேக்காள், தந்தை ஏசுபாதம், ஊர் கருங்குழி. ஏன் தனியாக என்று நோட்டில் இல்லை. எழுத வேண்டியதில்லை, எனக்கே தெரியும்.

“இதுபற்றிப் பேசப்பட்டது. இன்று முதல் எங்கள் டம்ளர்களும் ஜன்னலிலேயே இருக்கும்.”

கீழே ஏழு கையெழுத்து. முதலில் தலைவி செங்கமலம். ஏழாவது ரெபேக்காள்.

கத்தவில்லை. வார்டனிடம் போகவில்லை. ஆளுக்கொரு டம்ளரை எடுத்துப் போய் அவளுடைய டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். மன்றம் அப்படித்தான் பிறந்திருக்கிறது. அவர்களுக்குப் பதினெட்டு வயது. எனக்குப் பதினேழு. நான் என்ன செய்திருப்பேன்? பார்க்காத மாதிரி போயிருப்பேன்.

இன்றைக்கும் வருஷா வருஷம் அந்த நாளில் அதே ஏழு டம்ளரில் காபி ஊற்றி, புதுப் பெண்கள் கைமாற்றிக் குடிப்பார்களாம்.

20 ஜூன்

ஏழு பெயரும் மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்க்கிறேன். அம்மா, “இன்னாடி கவியா, தனியா பேசிகினு கீற?” என்றாள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி: “ரெபேக்காள் இரண்டாம் ஆண்டு வரவில்லை. காரணம் தெரியவில்லை.”

அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதால் பத்தாவதில் நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிதான் உண்மை. ஒரு நாள் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. சிரித்தார்கள். மறுநாளும் சிரித்தார்கள். என் காரணமும் யாருக்கும் தெரியாது.

24 ஜூன்

வரலாற்றுக் கட்டுரை வந்தது. “ஆறு தோழிகள் ஒரு மாலை காபி அருந்தியபடி கண்ட கனவு” என்று தொடங்குகிறது.

ஆறு?

மூன்று முறை எண்ணினேன். ரெபேக்காள் இல்லை. ஜன்னலும் இல்லை. மறந்திருப்பார்கள். நானே ஆறை ஏழாக்கி, ஏழாவது பெயரையும் சேர்த்து அடித்தேன். நோட்டு அவர்களிடமே இருக்கிறதே, பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

2 ஜூலை, செவ்வாய்

ராஜம் மேடம் புரூஃப் கொண்டுவந்தார். ரெபேக்காள் மேல் சிவப்புக் கோடு.

“இந்தப் பேரை யார் சேர்த்தது?”

ஞானதாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார்.

“பாரும்மா, படிப்பை முடிச்சவங்க பேர் மட்டும்தான் போடறதுன்னு கமிட்டி முடிவு. பாதியில போனவங்களை எப்படி நிறுவனர்னு சொல்றது? அந்த ஜன்னல் கதையெல்லாம் இப்ப எதுக்கு, நல்ல நாளும் அதுவுமா?” கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

டம்ளர் ஏழு இருக்கிறதே, மேடம். ஒரு வாக்கியம்தான். தொண்டை வரைக்கும் வந்தது.

அவர் போன பிறகு அண்ணன், “குட்த்தத அடி. உன்னிய யாரு எழுதச் சொன்னா? பேஜாரு பண்ணாத” என்றார்.

3 ஜூலை

மலருக்குக் கொடுத்த பழைய படத்தில் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்பவளை வெட்டச் சொன்னார்கள்.

நான்தான் வெட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

கருங்குழிக்குப் போய் விசாரிக்கலாம் என்று கிளம்பினேன். ரெபேக்காள் இன்னும் இருந்தால் வெட்டாத படத்தின் பிரதியைக் கொடுக்கலாம். இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, “எங்கமா போவணும்?” என்றார். ஊர்ப் பெயர் வாயில் இருக்கிறது, வெளியே வரவில்லை. பின்னால் இருந்தவர், “ஊமை போலகீதுபா” என்றார். சிலர் சிரித்தார்கள். இறங்கிவிட்டேன்.

படம் பைக்குள் மடங்கிப்போயிற்று. அந்த ஏழு பேரையும் பற்றி நினைக்க எனக்கு என்ன தகுதி?

9 ஆகஸ்ட்

இன்று விழா. கடையில் நாள் முழுக்க ஜெராக்ஸ்.

12 ஆகஸ்ட், திங்கள்

ராஜம் மேடம் மலர் ஒன்றும் மைசூர்பாகும் கொண்டுவந்தார். கூடவே காகிதத்தில் சுற்றிய ஓர் எவர்சில்வர் டம்ளர்.

“பிள்ளைங்க புஸ்தகத்தைப் பார்த்துட்டு கேட்டாங்க, ‘நிறுவனர் ஆறு பேர்தானே, டம்ளர் ஏன் ஏழு?’ன்னு. நியாயமான கேள்விதானே? அதான் ஒண்ணை எடுத்துட்டோம். கடையில டீ குடிக்க வெச்சுக்கோங்க.”

ஐம்பது வருஷம் ஏன் என்று தெரியாமலே ஏழு டம்ளரில் குடித்தார்கள். கடைசியில் ஒருத்தி சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அதற்கு என் புத்தகம் தப்பான பதிலைச் சொல்லிவிட்டது. நான் அடித்த புத்தகம். எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் ஏழாவது டம்ளராவது அங்கே இருந்திருக்கும் அல்லவா?

இல்லை. எதுவும் செய்யாமல்தானே இருந்தேன்.

13 ஆகஸ்ட்

டம்ளரின் அடியில் பெயர் வெட்டியிருக்கிறது. தேய்த்துத் தேய்த்து மழுங்கிவிட்டது. வாசல் வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது: செங்கமலம். நோட்டில் முதல் கையெழுத்து.

எந்த டம்ளர் யாருடையது என்றுகூட யாரும் பார்க்கவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துவிட்டார்கள்.

30 செப்டம்பர்

எழுத ஒன்றுமில்லை. டம்ளரில் அண்ணன் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

17 நவம்பர்

மழை. கருங்குழிக்கு இன்றும் போகவில்லை.

22 ஜனவரி 2025, புதன்

கடை திறந்ததும் ஒருவர் வந்தார். சிறுசேரிக்கு கேப் ஓட்டுகிறவர், பெயர் ஜெபக்குமார். தூங்காத கண். “அம்மா பூட்ச்சி. போஸ்டர் வோணும்” என்று சீட்டை நீட்டினார்.

ரெபேக்காள். வயது 68. கருங்குழி. அடக்கம் நாளை மூன்று மணி.

“அவங்க அப்பா பேரு ஏசுபாதமா?”

கேட்டது நான்தான். ஞானதாஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா. உனுக்கு எப்டிமா தெரியும்?”

சீட்டைப் பார்த்து அடித்தேன். பெயருக்குக் கீழே யாரும் கொடுக்காத ஒரு வரி: அக்கா தங்கை மன்றத்தை நிறுவிய எழுவரில் ஒருவர்.

அவர் திரையைப் பார்த்தார். “இன்னாமா இது, வேற யாருதாவது கலந்துட்ச்சா? எங்கம்மா நடவுக்குப் போனது. காலேஜு வாசலகூட மிதிச்சதில்ல.”

“ஒரு வருஷம் படிச்சாங்க அண்ணே” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மெஸ், ஜன்னல், ஏழு கையெழுத்து, சிவப்புக் கோடு, நான் வெட்டிய படம், எல்லாவற்றையும் சொன்னேன். குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. பேனாக்களைக் கொட்டிவிட்டு டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மா அத்தோட டம்ளர மட்டும் ஜன்னல்லதாம்மா வெக்கும். என் பொஞ்சாதி உள்ள அடுக்கினா திட்டும். ஏம்மான்னு கேட்டா சிரிக்கும். ஒரு வார்த்த சொன்னதில்லியே. ஒரு வார்த்த.”

அந்த வரியை எடுத்துவிடவா என்று அண்ணன் கேட்டார்.

“இர்க்கட்டும்” என்றார் ஜெபக்குமார். “பெருசா போடு.”

ஏழு மாதம். கருங்குழி ஒரு மணி நேரம்கூட இல்லை. ரெபேக்காள் அங்கே உயிரோடு இருந்தார், ஜன்னலில் டம்ளரோடு. நான் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

23 ஜனவரி, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்கே அதன்மேல் வேறொரு முகம் வரும். நின்று முழுதாகப் படித்தேன். பையில் வெட்டாத படம் இருந்தது, மடிப்போடு.

பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து, “எங்கமா?” என்றார்.

“கருங்குழி ஒண்ணு” என்றேன்.