மதிலுக்கு அந்தப் பக்கம் காய்த்த அவரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீங்களா, இல்ல அலமாரியில வெச்சு அழகு பாக்குறீங்களா?

நீங்க குடுத்த அவரை விதையை என் அறைக்குப் பின்னால மதிலோரம் போட்டேன். எங்க போட்டாலும் முளைக்கும்னீங்க, முளைச்சுது. ஆஸ்பத்திரியில தரை துடைச்சுட்டு வந்த கையோட தண்ணி ஊத்தினேன். அசுவினிப் பூச்சி மொய்ச்சப்ப சோப்புத் தண்ணியால இலை இலையாத் துடைச்சேன். ஆனா என் பக்கம் வெயிலே கிடையாது. கொடி மதில் ஏறி அந்தப் பக்கம் போயிடுச்சு. பூவும் அங்கதான், காயும் அங்கதான். எனக்கு வெறும் தண்டு.

சிரிக்காதீங்க. நேத்து பக்கத்து வீட்டு டிரைவரோட சம்சாரம் ஒரு கை காயைக் கொண்டுவந்து, "எங்க வீட்டு அவரை, வதக்கிச் சாப்பிடுங்க"ன்னு நீட்டுறா! பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டேன். வேரோட பிடுங்கி எறியணும்னு போனேன். வெயில் இருக்கிற பக்கம் போறதுக்குக் கொடியை என்ன சொல்றது? தண்ணி ஊத்திட்டு வந்துட்டேன்.

அக்கா போன்ல, "எங்க பொண்ணு இப்ப நல்லாப் பேசுறா"ன்னா. நான் பெத்தவ, வளர்க்கிற அக்காவை அம்மான்னு கூப்பிட்டா அதட்டாதீங்கப்பா. அக்காவையும் ஒண்ணும் கேக்காதீங்க. பாப்பா காலைத் தாள்ல வெச்சு வரைஞ்சு அனுப்புங்க. போன தடவை நான் அனுப்பின செருப்புக்குள்ள காலே போகலையாம்.

டூட்டிக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். யார் பேசுறதுன்னு பாப்பாகிட்ட முதல்ல சொல்லிட்டு, அப்புறம் போனைக் குடுங்க.

உங்க சின்ன மக