எட்டு மணி நேரத்துக்குள்ள பிரிக்கணும்

கேட்டேன் கண்ணு, உன் கடிதம் வந்த மறுநாளே நான் வேலை பாக்குற ஆராய்ச்சிக்கூடத்துல ஈ வளர்த்து ஆராயுற எங்க ஈ டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், நீ நல்லா இல்லைன்னு தெரியும், அதனால அதை விசாரிக்கல. மூணு தடவை சிகிச்சை பண்ணியும் எம் பொண்ணுக்குக் கரு தங்கல, உங்க வம்சமே அப்படித்தான்னு மாமியார் சொல்றாங்களாம், ஈயை வெச்சு இதைத்தானே ஆராயுறீங்க, நிஜமான்னு சொல்லுங்கன்னேன். அவங்க சிரிக்கல. அண்ணே, நிறைய முட்டை இடுற வம்சம், கம்மியா இடுற வம்சம்னு நாப்பது தலைமுறை பிரிச்சு வளர்த்துட்டோம், இன்னும் இந்த மரபணுதான்னு கை காட்ட முடியல, பத்து இருபது இடத்துல கொஞ்சம் கொஞ்சமா ஒளிஞ்சிருக்கு, உங்க பொண்ணு ஒருத்தியை வெச்சு என்னத்தச் சொல்லன்னாங்க. அப்புறம், முட்டை பொரியலைன்னா நாங்க முதல்ல ஆண் ஈயை மாத்திப் பாப்போம், மாப்பிள்ளையைச் சோதிச்சாங்களான்னாங்க. எனக்கென்ன குறைன்னு அவர் ஆஸ்பத்திரிப் படியே ஏறலைன்னு நீதான் எழுதியிருக்கியே. இனியும் ஏறமாட்டார். ஈன்னா தட்டி வேற புட்டிக்கு மாத்திடலாம், மாப்பிள்ளையை என்ன பண்ண.

இந்த ஆராய்ச்சி முடிஞ்சாலாவது விடை வரும்னு இருந்துடாதே, அதையும் நான் கெடுத்துட்டேன். கூட்டுலேர்ந்து வெளிய வந்த எட்டு மணி நேரத்துக்குள்ள பெண் ஈயைத் தனியாப் பிரிக்கணும், விட்டா கூடப் பிறந்த ஆணோடயே சேந்துடும். ஒருநாள் பஸ்ஸை விட்டேன், ஒன்றரை மணி நேரம் லேட்டு. வாயைத் திறக்காம கன்னின்னு சீட்டு ஒட்டி வெச்சுட்டேன். அதுங்க இட்ட முட்டையிலேர்ந்து டாக்டரம்மா மூணு மாசம் எண்ணின புழு எந்த ஆணோடதுன்னே தெரியாமப் போச்சு. அத்தனை புட்டியையும் சோப்புத் தண்ணியில கொட்டினாங்க. திட்டவே இல்ல, திட்டியிருக்கலாம். ஈக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற வேலையில கூடவா கோட்டை விடுவீங்கன்னு அம்மாதான் கேட்டா.

எனக்குப் பதினெட்டு வயசுல நீ பிறந்தே. கேக்காமலே வந்தே. காலேஜை விட்டேன், உன்னாலன்னு ஒருநாளும் சொன்னதில்ல, மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். இப்ப நீ கேட்டுக் கேட்டு நிக்குறே, என்கிட்ட கொடுக்க ஒண்ணுமில்ல. நாலாவது தடவை சிகிச்சைக்குப் போன்னோ போகாதேன்னோ சொல்ல எனக்கு வாய் வரல. புள்ளை குட்டியோட நல்லா இருன்னு எல்லா அப்பனும் கடைசியில எழுதுற ஆசீர்வாதத்தை எழுத முடியல. உடம்பு நோகாம இரு, அவ்வளவுதான். மாத்திரையை வெறும் வயித்துல போடாதே. புதுசா வெச்ச புட்டியில கூடு வெடிக்க ஆரம்பிச்சிடுச்சு, பிரிக்கணும், நான் போகணும்.

உன் அப்பா